சனிக்கிழமை வரை போட்ட டிக்

நீலசந்திரா, பெங்களூரு
21 ஏப்ரல் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

லவினா எழுதுகிறேன். இங்கே நான், அவர், மகள் அன்னா மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. தார்வாட் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

ஒரே ஊரில் இருந்தவரை நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. இப்போது போன் செய்தால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். இரண்டு முறை பேச்சின் நடுவில் நீங்களே துண்டித்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

12ஆம் தேதி அவருக்குச் சார்ஜ் மெமோ வந்தது. சஸ்பெண்ட் தொடர்கிறது. ஹெப்பகோடி ஸ்டேஷனில் கேஸும் இருக்கிறது. நடந்ததை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

மார்ச் 12, செவ்வாய், காலை பதினொன்றே கால். குடோனில் நான்காவது ரேக் சந்து. அவர் ஃபோர்க்லிஃப்டில் வாஷிங் மெஷின் பெட்டிகளைத் தூக்கியிருந்தார். பெட்டிகள் முன்பார்வையை மறைத்ததால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டினார். விதி அப்படித்தான் என்று நீங்களே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். சந்து முனையில் திரும்பும்போது வண்டியின் வால் வீசியது. அங்கே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த வீணா என்ற பெண்ணின் வலது பாதம் சக்கரத்தில் அகப்பட்டது. பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

வண்டி பின்னால் வரும்போது தானாகக் கத்தும் பஸர் அன்று வேலை செய்தது என்று மெமோ சொல்கிறது. ஜனவரியிலிருந்தே அது கத்தவில்லை என்று இவர் சொல்கிறார். அந்த ஷிப்டின் சூப்பர்வைசர் நீங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்று காலை பஸர் வேலை செய்ததா, இல்லையா?

பதில் இரண்டு வார்த்தை போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
லவினா

*

தார்வாட்
7 மே 2024

அன்புத் தங்கை லவினாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீயும் மாப்பிள்ளையும் அன்னாவும் தேவமாதாவின் காவலில் இருக்க வேண்டுகிறேன். இங்கே ஆஞ்சலாவுக்குச் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்துவிட்டது. காலையில் இருவரும் நடக்கிறோம். காற்று நன்றாக இருக்கிறது, தூசிதான் அதிகம்.

புதிய குடோன் பெரியது. என்னை சீனியர் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். பதினான்கு ஓட்டுநர்களுக்கு முதல் மாதம் முழுக்க நான்தான் பாடம் எடுத்தேன். ஏறும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார். பெல்ட் போடு. ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கி ஓட்டாதே. முன்பார்வை மறைந்தால் பின்னோக்கிப் போ. திரும்பும் முன் நில். சரிவில் திரும்பாதே. தூக்கிய சுமைக்குக் கீழே ஆள் நிற்க விடாதே. இந்த ஏழையும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை விஷயம் என் மனதில் இல்லாமல் இல்லை. விசாரணை நடக்கும்போது நான் எழுத்தில் எதுவும் சொல்லக்கூடாது. அது முறையல்ல. அண்ணனாக ஒன்று சொல்கிறேன். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் சின்னத் தண்டனையோடு திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். அவரிடம் நயமாகச் சொல்.

அன்னாவின் பத்தாம் வகுப்பு மார்க்கை எழுது.

உன் அண்ணன்,
ரெமிஜியஸ்

*

நீலசந்திரா
19 மே 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அண்ணியின் சர்க்கரை இறங்கியது கேட்டு நிம்மதி. அன்னாவுக்கு எழுபத்தெட்டு சதவீதம். பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். போனில் ஒரு முறைகூட நீங்கள் அதைச் சொல்லவில்லை.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஓட்டுநர்களுக்கு நீங்கள் சொல்லித்தரும் ஏழு விஷயத்தையும் எண்ணினேன். அதில் பஸர் இல்லை. ஹாரனும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து இவருக்குச் சொல்லிக்கொடுத்தபோது நீங்கள் முதலில் சொன்னதே அவை இரண்டும்தான். நான் காபி கொண்டுவந்து வைத்தேன், நினைவிருக்கிறது.

மெமோவோடு ஓர் அட்டையின் நகல் இருக்கிறது. ஓட்டுநர் தினமும் வண்டியைச் சோதித்து டிக் போடும் செக்லிஸ்ட் அட்டை. டயர், செயின், பிரேக், ஹாரன், பஸர் என்று பதினோரு வரி. திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கும் எல்லா வரியிலும் டிக். கீழே கையெழுத்து இவருடையதுதான். நான் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக ரெஜிஸ்டர் பார்ப்பவள். கையெழுத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கத்தாத பஸருக்கு ஏன் டிக் போட்டீர்கள் என்று இவரிடம் கேட்டேன். எழுந்து போய்க் குழாயை மூடினார். குழாய் ஒழுகவே இல்லை.

இன்னொன்று. மார்ச் 20ஆம் தேதியே வீட்டுச் சாமானைக் கட்டத் தொடங்கியதாக அண்ணி பேச்சுவாக்கில் சொன்னார். விபத்து நடந்து எட்டு நாள். உங்கள் மாற்றல் உத்தரவு எந்தத் தேதியிட்டது?

மழை தொடங்குகிறது. நெஞ்சுச் சளியைக் கவனியுங்கள்.

லவினா

*

தார்வாட்
23 ஜூன் 2024

லவினாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால் தாமதம்.

கையெழுத்து மாப்பிள்ளையுடையது என்று நீயே எழுதிவிட்டாய். பிறகு என்னை ஏன் கேட்கிறாய்? அவரைக் கேள்.

மாற்றல் உத்தரவு எல்லோருக்கும் வருவதுதான். உன்னிடம் தேதி காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

நானும் ஒன்று கேட்க வேண்டும். என் கடிதங்களை வேறு யாராவது படிக்கிறார்களா? வக்கீல் யாரையாவது பிடித்திருக்கிறீர்களா? 20ஆம் தேதி முதல் விசாரணையில் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். யார் சொல்லிக்கொடுத்து அப்படி இருக்கிறார்? நீ யாரையெல்லாம் போய்ப் பார்க்கிறாய்?

மழையில் நனையாதே.

ரெமிஜியஸ்

*

நீலசந்திரா
30 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்களுக்குக் காய்ச்சல், சளி எதுவும் இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதங்களை நான் மட்டும்தான் படிக்கிறேன். இப்போதைக்கு.

நான் யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். நேற்று வீணாவைப் பார்த்தேன். சில்க் போர்டில் பஸ் மாறி, ஹெப்பகோடியில் இறங்கி, குடோனுக்குப் பின்பக்கம் ஒற்றை அறை வரிசையில் விசாரித்துப் போனேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து வலது காலைத் தலையணை மேல் வைத்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவள் புருஷன் நரேஷ் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவனும் அங்கேதான் லோடிங் வேலை.

"உங்க வூட்டுக்காரரு வண்டி ஓட்டுனவரு. உங்க அண்ணன் சூப்பர்வைசரு. நீங்க யாரு பக்கம்னு எங்களுக்கு எப்டிக்கா தெரியும்?" என்றான்.

நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் வீணாதான் உள்ளே கூப்பிட்டாள். யாரையும் திட்டவில்லை. "ரேக்கு பக்கம் திரும்பி ஸ்டிக்கர் ஒட்டிக்கினு இருந்தேன். எனுக்கு ஒண்ணும் கேக்கல அக்கா. கேட்டுருந்தா நவுந்துருப்பேனே" என்றாள். நீங்கள் எனக்குத் தராத பதில் இதில் இருக்கிறது. பஸர் கத்தவில்லை.

கிளம்பும்போது நரேஷ் தன் போனை நீட்டினான். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று அன்று வண்டியைப் பின்பக்கமிருந்து மூன்று படம் எடுத்திருக்கிறான். ஒரு படத்தில் சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் அட்டை தொங்குகிறது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய் மட்டுமில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் இவர் கையெழுத்து.

அண்ணா, படம் எடுத்தது செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு. சனிக்கிழமை பஸர் சரியாக இருக்கும் என்று செவ்வாய்க்கிழமை யாருக்குத் தெரியும்?

கம்பெனி கொடுத்த நகலில் செவ்வாய்க்குப் பிறகு கட்டங்கள் காலி. அப்படியானால் அட்டை இரண்டு. முதல் அட்டை எங்கே? இரண்டாவதை யார் எழுதியது? அதில் இவர் எப்போது கையெழுத்துப் போட்டார்?

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

லவினா

*

தார்வாட்
14 ஜூலை 2024

அன்புள்ள லவினாவுக்கு அண்ணி ஆஞ்சலா எழுதுவது.

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்னாவைப் பதினொன்றாம் வகுப்புக்கு எந்தக் காலேஜில் சேர்த்தீர்கள்?

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்வதில்லை. ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொல்கிறார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

நீ அவர் மேல் கோபமாக இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் உங்களுக்குச் செய்ததை மறந்துவிடாதே. விபத்து நடந்த அன்று சாயந்திரம் மாப்பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தபோது நீ வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. இவர் ஐந்து மணிக்கே போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை. மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய ஆபீஸ் அட்டையைக்கூட உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார், பேப்பர் வேலை நிற்கக்கூடாது என்று. வேறு எந்த சூப்பர்வைசர் இப்படி ஓடுவார்?

கொஞ்ச நாளைக்கு அவருக்கு எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆஞ்சலா

*

நீலசந்திரா
28 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. மாத்திரையை விடாதீர்கள். எழுத வேண்டாம் என்று நினைத்து ஒரு வாரம் இருந்து பார்த்தேன்.

விபத்து நடந்த சாயந்திரம் நீங்கள் ஓர் அட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று யாரையும் கேட்டுத் துன்பப்படுத்தாதீர்கள். சொன்னவருக்குத் தாம் என்ன சொன்னோம் என்று தெரியாது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அன்னாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு இவர் எதிரில் உட்கார்ந்தேன். கேள்வியை அட்டை, ஸ்டேஷன், ஐந்து மணி என்று மூன்றே சொல்லில் கேட்டேன். இந்த முறை எழுந்து போகவில்லை.

"மச்சான் நீட்டினாரு, போட்டேன். படிக்கல. அவரு கொண்டாந்த பேப்பர படிச்சுப் பாத்துப் போட்டா, அவர சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா?" என்றார்.

அண்ணா, இந்த மனிதரை வேலைக்குச் சேர்த்தது நீங்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கையில் இன்னொருத்தியின் ரத்தம் காயும் முன் அவரிடம் கையெழுத்து வாங்கியதும் நீங்களா?

விசாரணை ஆகஸ்ட் 22, வியாழன். நடந்ததை நீங்கள் எழுதி விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இல்லாத வருகையைப் போட்டால்கூட அதைத் திருத்தும்போது காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

உப்பைக் குறையுங்கள்.

லவினா

*

தார்வாட்
11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. மாத்திரை வேலை செய்கிறது.

நீ கேட்டதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதிவிட்டால்தான் உண்டு.

அட்டையைப் பற்றி முதலில். வாடிக்கையாளர் கம்பெனியின் ஆடிட் ஆள் சொல்லாமல் வருவார். வந்ததும் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு அட்டையைத்தான் எடுப்பார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த மாதம் நமக்குக் கறுப்புப் புள்ளி. ஷிப்ட் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அதனால் திங்கள்கிழமை டீ நேரத்தில் நான்கு வண்டி அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஆறு நாளுக்கும் சேர்த்து டிக் போட்டுக் கையெழுத்து வாங்குவேன். மூன்று வருடமாக இதுதான் பழக்கம். இது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. சனிக்கிழமைக் கட்டத்தில் கையெழுத்துப் போடும்போது சிரிப்பார்கள், "சனிக்கெழம உயிரோட இருக்கோம்னு கேரண்டி குடுத்துட்டோம் சார்" என்று. நானும் சிரித்திருக்கிறேன்.

பஸர் விஷயம். ஜனவரியில் மேல்தளத்தில் கண்ணாடி அறை கட்டினார்கள். மேனேஜர் அங்கே வெளியூர்க்காரர்களோடு வீடியோவில் பேசுவார். பஸர் சத்தம் அந்தப் பேச்சில் கேட்கிறது என்று என்னை மேலே கூப்பிட்டார். "மொதலு ஆ ஸத்து நில்லிஸ்ரி" என்றார். அந்தச் சத்தத்தை நிறுத்த ஒயரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்ற வைத்தது நான். நான்கு வண்டியிலும். எந்த ரெஜிஸ்டரிலும் எழுதவில்லை.

விபத்து நடந்து அரை மணியில் மேனேஜர் அட்டையைப் பார்த்தார். சனிக்கிழமை வரை டிக். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் பார்த்தால் குடோனையே மூடிவிடுவார்கள் என்றார். புது அட்டை எழுதச் சொன்னார். எழுதினேன். பழையதை அவரே வாங்கிக்கொண்டார். மாற்றல் உத்தரவு மார்ச் 18 தேதியிட்டது. நீ கேட்டாயே, அதற்குப் பதில்.

இனி நீ கேட்காதது. பஸரைக் கழற்றிய அன்றே ஓட்டுநர்கள் நால்வரையும் நிறுத்திச் சொன்னேன். இனி பின்னோக்கி வரும்போது ஒவ்வொரு சந்து முனையிலும் நிற்க வேண்டும், மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும், பிறகுதான் திரும்ப வேண்டும். ஹாரன் வேலை செய்தது. மாப்பிள்ளை அன்று அடிக்கவில்லை. நிற்கவும் இல்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவரே என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுதினால் முழுவதும் எழுத வேண்டும். என் பாதியை மட்டும் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் போலீஸ் கேஸில் அவர் பாதி அவரைக் கொண்டுபோய் எங்கே விடும் என்று யோசித்துக்கொள். எழுதட்டுமா என்று நீ சொல்.

உன் அண்ணன்,
ரெமிஜியஸ்

*

நீலசந்திரா
25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அண்ணாவுக்கு,

விசாரணை அதிகாரிக்கு உடம்பு சரியில்லை. செப்டம்பர் 19க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நீங்களும் அண்ணியும் நலமா?

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை நான் முதலில் நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்புகிறேனா என்று தெரியவில்லை. ஐந்து மாதம் மறைத்தவர் நீங்கள். என் வாயை அடைக்க இதை இட்டுக்கட்டியிருக்கலாம் என்று தோன்றியது. சொந்த அண்ணனைப் பற்றி இப்படி நினைக்கிறேன் என்பதை உங்களிடமே எழுதுகிறேன்.

இவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தைரியம் இல்லாமல் முதலில் வீணாவிடம்தான் போனேன். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். ஹாரன் கேட்டதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கலன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா. நீங்க பஸரு பஸருன்னே கேட்டீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். உங்கள் ஏழு விதியில் இல்லாததைக் கண்டுபிடித்த நான் இதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை இவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். சாப்பிட்டார். மாடிக்குப் போய்விட்டார். இன்றோடு நான்கு நாள். மாடியிலேயே படுத்துக்கொள்கிறார். எழுதுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் எப்படிச் சொல்வேன்?

லவினா

*

நீலசந்திரா
8 செப்டம்பர் 2024, மாதா பிறந்தநாள்

அன்புள்ள மச்சானுக்கு ஃபிராங்க்ளின் எழுதுவது.

நலம். உங்களுக்கும் அக்காவுக்கும் மாதா துணை இருக்க வேண்டும். காலையில் சிவாஜிநகர் கோயிலில் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

நான் ஹாரன் அடிக்கவில்லை. உண்மை. ஜனவரியில் நீங்கள் சொன்ன பிறகு இரண்டு வாரம் அடித்தோம். சந்துக்குச் சந்து நின்று நின்று போனால் ஷிப்டில் இருபது லோடு குறைந்தது. நீங்கள் ஒரு நாள் வந்து, "என்னா மாப்ள, கல்யாண ஊர்வலமா, நவுத்துங்க" என்றீர்கள். அதோடு நால்வரும் விட்டுவிட்டோம். உங்கள் கடிதத்தில் இது இல்லை. மறந்திருப்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முனையில் நின்றிருக்க வேண்டியவன் நான். பிரேக் என் காலுக்குக் கீழேதான் இருந்தது.

எழுதட்டுமா வேண்டாமா என்று நீங்கள் லவினாவைக் கேட்டிருக்கக் கூடாது. அது அவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை.

19ஆம் தேதி என் பங்கை நானே சொல்லிவிடுவேன். நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

ஃபிராங்க்ளின்

*

நீலசந்திரா
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தார்வாட் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? பஸ்ஸில் தூங்க முடிந்ததா? விசாரணை அன்று மதியத்துக்கு மீன் குழம்பு வைத்திருந்தேன். நீங்கள் நேரே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டதாக இவர் சொன்னார்.

விசாரணை அறைக்குள் நடந்ததை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் பிரமாண வாக்குமூலத்தின் நகலை இவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவருடையதும் உங்களுடையதும். நேற்று முழுக்க அதைத்தான் படித்தேன்.

இவர் ஹாரன் அடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். முனையில் நிற்கவில்லை என்றும். சொன்ன பிறகு ஆறு மாதத்தில் முதல் முறையாக ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார். தண்டனை வரும், தெரியும். வேலை திரும்பக் கிடைக்காமல் போகலாம். கேஸும் இருக்கிறது. அதற்கு நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் கூப்பிடாமலேயே நீங்கள் வந்தீர்கள். அதற்கு நன்றி சொல்கிறேன். திங்கள்கிழமைப் பழக்கத்தைச் சொன்னீர்கள். ஊர்வலம் என்று கேலி பேசி ஓட்டுநர்களை விரட்டியதைச் சொன்னீர்கள். இரண்டாவது அட்டையைச் சொன்னீர்கள்.

மூன்றாம் பக்கத்தில் அதிகாரி கேட்கிறார், பஸரைக் கழற்றச் சொன்னது யார் என்று. உங்கள் பதில், "நானாகச் செய்தேன்." புது அட்டை எழுதச் சொன்னது யார்? "யாரும் சொல்லவில்லை." பழைய அட்டை எங்கே? "கிழித்துவிட்டேன்."

ஆகஸ்ட் 11ஆம் தேதி எனக்கு எழுதியது வேறு. இரண்டில் ஒன்று பொய். உங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள், என்ன தருவதாகச் சொன்னார்கள், அல்லது எதைப் பறிப்பதாக மிரட்டினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் சொன்னாலும் அதை நம்பலாமா என்று உட்கார்ந்து யோசிப்பேன். அந்த நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

ஆனால் நேற்று நரேஷுக்குப் போன் செய்து ஒன்று கேட்டேன். மற்ற மூன்று வண்டியிலும் பஸரைத் திரும்ப மாட்டிவிட்டார்களா என்று. இல்லையாம். வீணா நின்ற முனையில் இப்போது உஷா என்ற பெண் ஸ்டிக்கர் ஒட்டுகிறாளாம். சூப்பர்வைசர் தனியாகச் செய்த தப்பு என்று முடிந்துவிட்டால், மேலே கண்ணாடி அறையில் இருப்பவர் எதையும் மாட்ட வேண்டியதில்லை.

அதனால் உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன். ஒரு நகல் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் போகும். அடுத்த விசாரணை அக்டோபர் 17, வியாழன். உங்களுக்குத் தெரியாமல் இதைச் செய்ய எனக்கு மனம் இல்லை. இந்த வீட்டில் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் தெரியாமல்தான் செய்திருக்கிறோம். உங்கள் வேலை போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அண்ணிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், என் வழியாக அவர் கேள்விப்பட வேண்டாம்.

வாக்குமூலத்தைத் திருத்த உங்களுக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது. நீங்களே திருத்திவிட்டால் அந்தக் கடிதத்துக்கு வேலை இருக்காது. திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் 16ஆம் தேதி ராத்திரி பஸ்ஸைப் பிடித்து நேரே இங்கே வாருங்கள். இவர் உங்களை அழைத்துவர மெஜஸ்டிக்கில் நிற்பார். அவராகச் சொன்னது, நான் கேட்கவில்லை. காலையில் குளித்து, சாப்பிட்டு, மூவரும் ஒரே பஸ்ஸில் ஹெப்பகோடிக்குப் போகலாம்.

மாத்திரையை எடுத்துவர மறக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
லவினா